பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருசம் எங்கே போகிறோம்?" என்பதுதான். நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு காலம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயில், இடையிடையே மழை. ஆகவே பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நாள்கள்தாம் நமக்குக் கோடை. தோட்டத்துப் பிள்ளையானாலும் பட்டணத்துப் பிள்ளையானாலும் ஆசை ஒன்றுதான். பை தூக்க வேண்டும், ரயில் ஏற வேண்டும், ஜன்னல் ஓரத்தில் உட்கார வேண்டும்.

பெரியவர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? கையிலிருக்கும் காசை எண்ணுகிறோம். காரில் எத்தனை பேர் உட்கார முடியும் என்று கணக்குப் போடுகிறோம். கடைசியில், "உங்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வயதானவர்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். கோழிக்குத் தீனி போடவும், சாமிக்கு விளக்கேற்றவும் வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே!

எங்கள் வீட்டில் இந்த வழக்கத்தை மாற்றி ஒரு பயணம் போய் வந்தோம். அதில் கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் அடுத்த விடுமுறைக்கு உதவக்கூடும்.

அம்மா கேட்ட இடம்

நாங்கள் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஆலையில் வேலை செய்கிறார். மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்கு ஒன்பது. எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பதினாறு வயதில் உளி பிடித்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர்.

கூட்டுக் கட்டி எடுத்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்து, "அத்தை, நீங்களும் ஒன்று சொல்லுங்கள்" என்றார்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "எனக்கு ஒன்றும் வேண்டாம் மாப்பிள்ளை. பினாங்குக் கடலை ஒரு தடவை பார்க்கணும். அக்கா கப்பலேறின இடம் அது" என்றார்.

பயணத்தின் வழி அப்போதே முடிவாகிவிட்டது. ஈப்போ வரை ரயில். அங்கிருந்து என் கொழுந்தனார் தம் காரில் ஏற்றிக்கொள்வார். கோலகங்சார், தைப்பிங், அம்மா பிறந்த தோட்டம், பினாங்கு, பூஜாங் பள்ளத்தாக்கு எல்லாம் பார்த்துவிட்டுச் சுங்கைப்பட்டாணியில் மறுபடி ரயிலேறி வீடு திரும்புவது. மொத்தம் ஐந்து நாள்.

இரும்புப் பாதையில் ஈப்போ

கிள்ளானில் கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்தோம். அங்கிருந்து ஈ.டி.எஸ். மின்சார ரயில். 2010-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய இந்த வண்டி மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வரை போகும். இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவில் இறக்கிவிடுகிறது. "அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பில் மரப்பலகைதான். இறங்கும்போது முகமெல்லாம் கரி" என்று அம்மா சொல்ல, பேத்தி நம்பாமல் சிரித்தாள்.

ஈப்போ ரயில் நிலையம் 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது. கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவர் கைவண்ணமே. வெள்ளைக் கோபுரங்களோடு நிற்கும் அதை உள்ளூர்க்காரர்கள் 'ஈப்போவின் தாஜ்மகால்' என்கிறார்கள். எதிரே ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் வந்தது அந்த மரத்தால்தான். பிள்ளைகளிடம் காட்ட மறவாதீர்கள்.

பத்து வெள்ளிப் பங்கு

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் சுங்கை சிப்புட் வருகிறது. துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய், குடியிருந்த லயமும் போய், நம்மவர்கள் சடக்கில் நின்றார்கள். அப்போதுதான், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

"எங்கப்பாவும் கட்டினார்" என்றார் அம்மா. "நாள் சம்பளம் மூன்று, நாலு வெள்ளிதான். அந்தப் பத்து வெள்ளிக்காக அம்மா மாசத்தில் பாதி நாள் கருவாடுகூட வாங்க மாட்டாங்க. நம்ம தோட்டமும் துண்டாகிடுமோன்னு பயம்." சம்பந்தனின் பெயரைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்த என் மகன், அந்தக் கதையில் தன் கொள்ளுத்தாத்தாவும் இருப்பதை அன்றுதான் கேட்டான்.

மரத்தின் முன்னே

கோலகங்சாரில் நில அலுவலகத்தின் அருகே, வேலி கட்டி ஒரு ரப்பர் மரத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். பிரேசில் நாட்டிலிருந்து 1876-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன விதைகள் அங்கே முளைத்துக் கன்றுகளாயின. அவற்றில் சில 1877-இல் சிங்கப்பூர் வழியாக இந்த ஊருக்கு வந்தன. அப்போது நட்டவற்றில் எஞ்சியிருப்பது இந்த மரம் என்கிறார்கள்.

மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா மட்டும் வேலியோரம் நின்று பட்டையையே பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இடது பக்கம் உயரம், வலது பக்கம் தாழ்வு. தாள் கனத்துக்குத்தான் பட்டை சீவணும். உள்ளே மரத்தைத் தொட்டுட்டா காயம். மரக்காயம் போட்டால் கிராணி சம்பளத்தில் வெட்டிடுவார்."

மரத்தைக் கொல்லாமல், அதே வெட்டை நாளுக்கு நாள் மெல்லச் சீவிப் பால் எடுக்கலாம் என்று 1890-களில் கண்டு சொன்னவர், சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தை நடத்திய ரிட்லி. அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அதை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு மரத்தில் செய்து காட்டிய கைகள் நம் வீடுகளில்தான் இருக்கின்றன.

தமிழ் எழுதிய பலகை

அன்றிரவு தைப்பிங்கில் உறவினர் வீட்டில் தங்கினோம். காலையில் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880-களில் பூங்காவாக மாற்றினார்கள். தூங்குமூஞ்சி மரங்கள் சடக்கைத் தாண்டி ஏரியின்மேல் கிளை நீட்டி நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டுச்சோற்றை அங்கேயே பிரித்துப் பசியாறினோம்.

பிறகு கோலசெப்பத்தாங் போனோம். போர்ட் வெல்ட் என்பது அதன் பழைய பெயர். இந்த நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அந்தத் துறைமுகத்துக்குத்தான் ஓடியது. 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி திறந்த அந்தப் பாதையின் நீளம் பதின்மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஈயம் ஏற்றிப்போகப் போட்ட பாதை. இலங்கையிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்கள் அதைப் போட்டார்கள்.

இப்போது அங்கே தண்டவாளம் இல்லை. பழைய பெயர்ப் பலகையும் பயணச்சீட்டு விற்ற சிறு கூண்டும் மட்டும், கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. பலகையில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில், ஜாவியில், சீனத்தில், தமிழில் இருக்கிறது. என் மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அம்மா, இதிலே நம்ம எழுத்து இருக்கு!" ஆமாம் பாப்பா. தமிழ் வாசிக்கிறவர்கள் அந்த நிலையத்தில் ஏறி இறங்கினார்கள், அதனால் தமிழ் எழுதினார்கள்.

கிணற்றிலிருந்து மூன்றாவது லயம்

மூன்றாம் நாள் காலை, செமாங்கோலுக்கு அப்பால் அம்மா பிறந்த தோட்டத்தைத் தேடிப் போனோம். கையிலிருந்த தொலைபேசி காட்டிய வழி பாதியில் நின்றுவிட்டது. சடக்கோரம் பலகாரம் விற்ற ஒரு மலாய் அம்மையாரிடம் தோட்டத்தின் பழைய பெயரைச் சொன்னோம். "முன்னே இங்கே உங்கள் ஆள்கள் நிறைய இருந்தார்கள்" என்று சொல்லி வழி காட்டினார்.

ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. லயங்களை 1990-களில் இடித்துவிட்டார்களாம். எஞ்சியிருந்தவை ஒரு சின்ன மாரியம்மன் கோயிலும் மூடி போட்ட கிணறும்தான். கோயில் மட்டும் சுத்தமாக இருந்தது. பக்கத்து ஊர்களுக்குச் சிதறிப்போனவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடித் திருவிழா நடத்துகிறார்கள் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பிலிருந்து தெரிந்தது.

அம்மா அழவில்லை. கிணற்றடியில் நின்று கையை நீட்டி எண்ணினார். "கிணற்றிலிருந்து மூன்றாவது லயம். அஞ்சாவது கதவு." எண்ணியபடியே செம்பனைக்குள் நடந்தார். பேரன் கூடவே போனான். ஓரிடத்தில் நின்று, "இங்கே அடுப்பு. இது வாசல். இதோ இங்கேதான் அக்காவும் நானும் படுப்போம்" என்றார். பிரட்டுக் களம், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் கை காட்டினார். எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி செம்பனைதான். ஆனால் என் மகன் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டே வந்தான். கிணறு, கோயில், ஆறு லயம். அந்தத் தோட்டத்துக்கு இப்போது எங்களிடம் இருக்கும் வரைபடம் அது ஒன்றுதான்.

பினாங்குக் கடல்

பட்டர்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டுப் பெர்ரி ஏறினோம். பழைய பெர்ரிகள் கார்களையும் ஏற்றிக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 முடிவோடு அது நின்றுவிட்டது. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் ஆள்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே. பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அம்மா பேசினார்.

1969-இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத்து மக்கள் கலங்கிப் போனார்கள். பல்லாயிரம் பேர் இந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். என் பெரியம்மா அப்படிப்பட்டவர். அவருக்கும் பெரியப்பாவுக்கும் சிவப்புக் கார்டு. 1970-இல் இரண்டு கைக்குழந்தைகளோடு ரஜூலா கப்பலில் புறப்பட்டார்கள். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நம் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேரை இங்கே கொண்டுவந்ததும் அதுதான்.

"அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு" என்றார் அம்மா. "மூன்றாம் வகுப்பு ரயிலில் வந்து, இதே மாதிரி பெர்ரி ஏறினோம். அக்கா கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மைலோ டின், கோடாலித் தைலம். உள்ளே போறதுக்கு முன்னே மடியிலிருந்து உளியை எடுத்து என் கையில் கொடுத்தாங்க. 'அங்கே எனக்கு எதுக்குடி இது? நீ வச்சுக்கோ'ன்னாங்க. அந்த உளியிலதான் நான் கடைசி வரைக்கும் மரம் வெட்டினேன்."

கைப்பிடி தேய்ந்த அந்த உளியை எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மாவின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடக்கும். அது பெரியம்மாவின் உளி என்ற செய்தி பெர்ரியில்தான் எங்களுக்கு வந்தது. 1983 வரை நாமக்கல் பக்கத்திலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்ததாம். அதன் பிறகு இல்லை.

படகு கரை சேரும் வரை அம்மா தண்ணீரையே பார்த்திருந்தார். இறங்கும்போது, "பார்த்தாச்சு. வாங்க, பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பினாங்குக் கொடிமலை ரயில். 1923 முதல் கம்பி வடத்தில் இழுத்து ஏற்றும் வண்டி. முன்பெல்லாம் நடுவழியில் வண்டி மாறி, உச்சி சேர அரை மணி ஆகும். 2011-இல் வந்த புதிய வண்டி பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறது. தண்ணீர்மலை முருகனையும் தரிசித்தோம். ஐந்நூறுக்கு மேல் படிகள். பிள்ளைகள் ஓடி ஏறினார்கள். அம்மா அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொண்டார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் எல்லா இடத்திலும் எல்லோரும் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது.

கடாரத்தில் ஒரு கேள்வி

கடைசி நாள் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக் அருகே அருங்காட்சியகமும், 1960-இல் கற்களை மறுபடி அடுக்கிக் கட்டிய புக்கிட் பத்து பகாட் கோயில் மேடையும் இருக்கின்றன. இராசேந்திர சோழன் கட்டினான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பல நூற்றாண்டுகள் பல நாட்டு வணிகர்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வாழ்ந்த துறைமுகப் பகுதி அது. இராசேந்திரனின் கப்பற்படை 1025-இல் கடாரத்தின்மேல் வந்தது. அந்தச் செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது.

இதைச் சொன்னதும் என் மகள் கேட்டாள்: "அப்போ பெரியபாட்டி கப்பல்ல போனது எந்தக் கல்வெட்டுல இருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான், "நீ எழுதினால் இருக்கும்" என்றார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. கட்டடம் வரைந்த துரைக்குப் புத்தகத்தில் பெயர் உண்டு. காட்டை அழித்து, தண்டவாளம் போட்டு, பால் எடுத்த நம்மவர்களுக்கு இருப்பது வீட்டுக் கிழவர்களின் ஞாபகம் மட்டுமே. அவர்கள் வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்வதில்லை. "அதெல்லாம் பழங்கதை" என்று தட்டிக்கழிப்பார்கள். கிணற்றடியில் நிறுத்துங்கள், மரத்தைக் காட்டுங்கள், பெர்ரியில் ஏற்றுங்கள். அப்போது தானாக வரும்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து வீடு திரும்பும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் மேலே மூன்றரை கிலோமீட்டர்ப் பாலத்தில் போகிறது. தைப்பிங்கைத் தாண்டியதும் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தில் நுழைகிறது. பாலத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். சுரங்கத்தில் அம்மா தூங்கிப்போனார். அந்த வண்டியிலேயே பேரனும் பேத்தியும் சேர்ந்து, பாட்டி சொன்ன ஊர்ப் பெயரைப் போட்டு நாமக்கல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தபாலில் சேர்த்துவிட்டோம். இன்னும் பதில் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. விடுமுறைக் காலத்தில் ரயில் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். மூத்தோருக்கும் சிறுவர்களுக்கும் சலுகைக் கட்டணம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். எல்லோருடைய அடையாளக் கார்டும் கையில் இருக்கட்டும். பெரியவர்களின் மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெரிய பையில் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மதியத்தில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள்.

ஐந்து நாள் முடியாவிட்டால் ஒரே நாள் போதும். பக்கத்து மாவட்டத்தில் அவர்கள் பிறந்த தோட்டம், படித்த பள்ளி, திருமணம் நடந்த கோயில் ஏதேனும் ஒன்று இருக்கும். அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது பிள்ளைகளைக் கேட்பதற்கு முன் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்: "உங்களுக்கு எந்த இடத்தைப் பார்க்கணும்?" முதலில், "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை கேளுங்கள்.